வேக வேண்டும், கருகலாகாது: தைராய்டுப் புற்று மருத்துவத்தில் வெப்பக் கட்டுப்பாடு

முன்னுரை

பாடம் சொல்லும் ஆசிரியர்க்கும், மேடையேறும் பேச்சாளர்க்கும், பள்ளிவாசலில் பாங்கொலி எழுப்புவோர்க்கும், கடைவீதியில் கூவி விற்போர்க்கும் குரலே முதல். அந்தக் குரலை இயக்கும் நரம்பு நூல்போன்ற மெல்லிய இழையாகக் கழுத்தில் ஓடுகிறது. அது செல்லும் வழியில், அதனை ஒட்டியே அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. கேடயச் சுரப்பி என்றும் இதனைத் தமிழில் வழங்குவர். அச்சுரப்பியில் புற்றுநோய் தோன்றுமாயின் நோயை நீக்குவது ஒரு கடமை. நரம்பைக் காப்பது மற்றொரு கடமை. இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதும் இடமே நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

கழுத்தை அறுக்காமல், ஊசியளவே உள்ள ஒரு மின்முனையைச் செலுத்திக் கட்டியை வெப்பத்தால் அழிக்கும் முறை கடந்த கால் நூற்றாண்டில் வளர்ந்துள்ளது. வெப்பத்தை உண்டாக்குவது இம்முறையின் எளிய பகுதி. அதனை எங்கே நிறுத்துவது, எவ்வாறு நிறுத்துவது என்பதே அரிய பகுதி. அவ்வரிய பகுதியை விளக்குவதே நம் நோக்கம்.

தமிழ்த்துறை மலரில் மருத்துவப் பொருள் எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். நோயாளியும் அவர்தம் குடும்பத்தாரும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தம் தாய்மொழியில் தெளிவாகக் கேட்கத் தெரிந்திருப்பது சிறிய நன்மை அன்று. அதற்கு உரிய சொற்களைத் தேடித் தருவது தமிழ் பயில்வோரின் பணிகளுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

சிறு கட்டியும் மூன்று வழிகளும்

தைராய்டுப் புற்றுநோய்கள் பல வகைப்படும். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது ‘பாப்பில்லரி’ வகை. இவ்வகைக் கட்டி 10 மில்லிமீட்டர் அளவிலோ அதனினும் சிறிதாகவோ இருப்பின் அதனை நுண்புற்று என்பர். கைக்குத் தட்டுப்படாத இத்தகைய கட்டிகள், அல்ட்ராசவுண்டு ஸ்கேன் பரவலான பின்னரே பெருமளவில் வெளிப்படலாயின. தென்கொரியாவில் 2011ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றின் விகிதம், 1993ஆம் ஆண்டின் விகிதத்தைப் போல் ஏறத்தாழ 15 மடங்காக உயர்ந்திருந்தது. ஆயினும் அந்நோயால் இறப்போர் விகிதம் உயரவில்லை. நோய் பெருகவில்லை, நோயைக் காணும் கண் கூர்மையாயிற்று என்பதே இதன் பொருள்.

இத்தகைய நுண்புற்று உடையோர்முன் இன்று மூன்று வழிகள் உள்ளன. முதலாவது அறுவை மருத்துவம். சுரப்பியின் ஒரு பாதியையோ முழுமையையோ அகற்றுவது இது. முழுமையும் அகற்றப்பட்டால் வாழ்நாள் முழுதும் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உடனே எதுவும் செய்யாது காலமுறைப்படி ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தல். ஜப்பானில் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை 1993ஆம் ஆண்டிலேயே இவ்வழியைத் தொடங்கியது. அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1235 பேரைப் பற்றிய முடிவுகள் 2014இல் வெளிவந்தன. பத்து ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவர்கள் 8 விழுக்காட்டினர். நிணநீர்க் கணுக்களில் நோய் தோன்றியவர்கள் 3.8 விழுக்காட்டினர். பெரும்பாலோர்க்குக் கட்டி அமைதியாகவே இருந்தது.

மூன்றாவது வழி, ஊசிவழி வெப்ப மருத்துவம். அறுவைக்கு உடல்நிலை இடங்கொடாதவர்களும், அறுவையை விரும்பாதவர்களும், ‘கழுத்தில் புற்று இருக்கிறது’ என்ற எண்ணத்துடன் காத்திருக்க மனம் ஒப்பாதவர்களும் இதனை நாடுகின்றனர். இத்தகையோர்க்கு இவ்வழியைக் கருதலாம் என 2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

சூட்டுக்கோல் முதல் மின்முனை வரை

வெப்பத்தை மருந்தாகக் கொள்ளும் எண்ணம் புதியதன்று. கொர்தோபாவை அடுத்த நகரில் வாழ்ந்து கி.பி. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல்காசிம் அல்-சஹ்ராவி, ‘அத்-தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவ நூலை இயற்றினார். அறுவை மருத்துவத்தைப் பற்றிய இறுதிப் பகுதியின் முதற்பிரிவை அவர் சூட்டுக்கோல் மருத்துவத்திற்கே ஒதுக்கினார். உடற்கூற்றை அறியாதவன் அறுவை செய்யப் புகலாகாது என்று எச்சரிக்கும் அவர், தாம் கண்ட ஒரு நிகழ்ச்சியையும் அங்குக் குறிப்பிடுகிறார். அறியாத மருத்துவன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறுகையில் தமனிகளை வெட்டிவிட, அப்பெண் குருதி பெருகி இறந்தாள். கழுத்தில் கைவைப்பவன் கட்டியை அறிந்தால் மட்டும் போதாது. கட்டியின் அண்டை அயலையும் அறிய வேண்டும் என்ற பாடம் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

மின்சாரம் வந்தபின் சூட்டுக்கோலின் வடிவம் மாறியது. 1891ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால், மிக விரைந்து திசைமாறும் மின்னோட்டம் தசைகளை வெட்டி இழுக்காமலேயே உடலினூடே செல்லும் என்று காட்டினார். 1926ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் போவி உருவாக்கிய கருவியை நரம்பறுவை மருத்துவர் குஷிங் பயன்படுத்தியதிலிருந்து மின்வெப்பம் அறுவைக் கூடத்தின் நிலையான கருவியாயிற்று. அவ்வழியில் வந்ததே இன்றைய ரேடியோ அலைவெண் மின்முனை. கழுத்தில் மீண்டும் தோன்றிய தைராய்டுப் புற்றுக்கு இதனைப் பயன்படுத்திய ஆய்வு 2001இல் வெளிவந்தது. புற்றல்லாத தைராய்டுக் கட்டிகளுக்கான கொரிய ஆய்வு 2006இல் வந்தது.

தைராய்டு அறுவையின் வரலாற்றிலும் எல்லை பற்றிய பாடம் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய கோக்கர், இச்சுரப்பியின் அறுவையைப் பெரிதும் அச்சமற்றதாக்கியவர். அதற்காக 1909இல் நோபல் பரிசு பெற்றவர். சுரப்பியை முழுமையாக நீக்கியவர்கள் பின்னாளில் உடலும் அறிவும் மந்தமுற்றதை அவர் 1883இல் வெளிப்படுத்தினார். அதன்பின் ஒரு பகுதியை விட்டுவைக்கத் தொடங்கினார். முழுமையாக நீக்குவதே சிறந்த மருத்துவம் ஆகாது என்பதனை மருத்துவ உலகிற்கு முதலில் உணர்த்தியது இச்சுரப்பியே எனலாம்.

வெப்பத்தின் படிநிலைகள்

தமிழில் வெப்பத்திற்கு வழங்கும் சொற்கள் ஒன்றினும் ஒன்று வேறுபட்டவை. வெதும்புதல், வேதல், கொதித்தல், கருகுதல் என்பன ஒரே பொருளைத் தரும் சொற்கள் அல்ல; ஏணிப்படிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்தவை. இம்மருத்துவத்தின் அடிப்படையையும் இந்நான்கு சொற்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

நம் உடலின் இயல்பான வெப்பம் 37 பாகை செல்சியஸ். 40 பாகையைத் தாண்டிய நிலை வெதும்புதல். இதில் உயிரணுக்கள் துன்புறும். ஆயினும் விரைவில் ஆறினால் பிழைத்துக்கொள்ளும். 46 பாகையில் ஒரு மணி நேரம் நின்றால் மீளாச் சேதம் உண்டாகும். 50 முதல் 52 பாகையில் நான்கு முதல் ஆறு நிமிடங்களே போதும். 60 பாகையைத் தொட்டதும் புரதங்கள் ஏறத்தாழ உடனேயே உறைந்துவிடும்; முட்டையின் வெள்ளைக்கரு வெண்மையாவது போன்ற மாற்றம் அது. இதுவே வேதல். புற்றின் ஒவ்வோர் அணுவும் இந்நிலையை அடைய வேண்டும். 100 பாகையில் திசுவிலுள்ள நீர் கொதித்து ஆவியாகும். அதற்கும் மேலே போனால் திசு கரியாகும்.

கட்டியைக் கரியாக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றலாம். உண்மை அதற்கு மாறானது. கரிந்த திசு மின்னோட்டத்தைத் தடுக்கும். மின்முனையைச் சுற்றிக் கரிப்படலம் சூழ்ந்தவுடன் மின்தடை சட்டென்று உயர்ந்து, வெப்பம் அப்பால் செல்லாமல் நின்றுவிடும். கட்டியின் நடுப்பகுதி கருகிக் கிடக்க, ஓரத்திலுள்ள புற்றணுக்கள் உயிருடன் இருக்கும். தீயை மிகுதியாகத் தூண்டினால் இறைச்சியின் மேற்புறம் கருகி உட்புறம் பச்சையாக நிற்பதை நாம் அறிவோம். பிரியாணிக்குத் தம் போடுகையில் தணலைக் குறைத்து வைப்பதன் காரணமும் இதுவே. ஆகவே மருத்துவர் வேண்டுவது 60 பாகைக்கு மேலும் 100 பாகைக்குக் கீழும் உள்ள இடைநிலை. வேக வேண்டும், கருகலாகாது.

அவ்வெப்பம் உண்டாகும் விதமும் அறியத்தக்கது. மின்முனை தானே சூடேறுவதில்லை. அதன் முனையிலிருந்து நொடிக்கு இலட்சக்கணக்கான முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. திசுவிலுள்ள மின்னூட்டத் துகள்கள் அதற்கேற்ப முன்னும் பின்னும் அலைக்கழிந்து உராய்கின்றன, அவ்வுராய்வே வெப்பமாகிறது. மின்னோட்டம் முனையிலிருந்து எல்லாத் திசைகளிலும் விரிந்து செல்வதால் அதன் அடர்த்தி விரைவில் குறையும். முனையிலிருந்து தொலைவு இருமடங்கானால் அங்கு உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். சில மில்லிமீட்டருக்கு அப்பால் புதிதாய் வெப்பம் தோன்றுவது மிகச் சிறிதே. அருகில் தோன்றிய வெப்பம் மெல்ல ஊர்ந்து பரவுவதே மிகுதி. ஊர்ந்து பரவுவதற்குக் காலம் வேண்டும். எனவே மின்னாற்றலின் அளவைப் போன்றே அது பாயும் நேரமும் மருத்துவரின் கையிலுள்ள கடிவாளமாகும்.

கழுத்தின் அண்டை அயல்

தைராய்டு சுரப்பி வண்ணத்துப்பூச்சியின் வடிவம் உடையது. இரு சிறகுகள் மூச்சுக்குழலின் இருபுறமும் படிந்திருக்க, நடுவே ஒரு பாலம் அவற்றை இணைக்கிறது. இச்சிறிய இடத்தைச் சுற்றி உயிருக்கு இன்றியமையாத உறுப்புகள் நெருங்கியுள்ளன. உட்புறம் மூச்சுக்குழல், அதன் பின்னே, சற்றே இடப்பக்கம் சாய்ந்து உணவுக்குழாய், வெளிப்புறம் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் கழுத்துத் தமனியும், அதனோடு ஒரே உறையில் செல்லும் வேகஸ் நரம்பும், பின்புறம் உடலின் சுண்ணாம்புச் சத்தை ஆளும் பாராதைராய்டு சுரப்பிகள்.

இவை யாவற்றினும் கவலைக்குரியது மீள்குரல்வளை நரம்பு. வேகஸ் நரம்பிலிருந்து பிரியும் இது குரல்வளைக்கு நேராகச் செல்வதில்லை. இடப்புறத்தில் மார்பு வரை இறங்கிப் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. வலப்புறத்தில் தோளுக்குச் செல்லும் தமனியைச் சுற்றி மேலேறுகிறது. போன வழியே மீளுவதால் அதற்கு அப்பெயர். மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியாக, தைராய்டின் பின்புறத்தை உரசிக்கொண்டு அது குரல்வளையை அடைகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோம் நகரில் கேலன் இந்நரம்பைக் கட்டியதும் கதறிக்கொண்டிருந்த விலங்கின் குரல் அடங்கியதை அவையோர் கண்டனர். அன்று தொட்டு இன்றுவரை கழுத்தில் கைவைக்கும் மருத்துவர்க்கு இந்நரம்பே பெருங்கவலை.

சுரப்பியின் உட்புறப் பின்மூலையை, அந்நரம்பு செல்லும் இடம் என்பதனால், ‘அபாய முக்கோணம்’ என்று அழைப்பர். புற்றல்லாத கட்டியாயின் அம்மூலையில் சிறிது மிச்சம் வைத்துவிடலாம், குறையொன்றும் இல்லை. புற்றாயின் மிச்சம் வைக்க முடியாது. கட்டியை மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த நல்ல திசுவிலும் ஒரு சிறு விளிம்பைச் சேர்த்தே வேகவைக்க வேண்டும். சுரப்பியின் ஓரத்தில் அவ்விளிம்பிற்கு இடம் ஏது? சுரப்பி முடியும் இடத்தில் நரம்பு தொடங்கிவிடுகிறது. கட்டிக்கு 60 பாகை, நரம்புக்கு 45 பாகைக்கும் குறைவு. இரண்டிற்கும் இடையே சில மில்லிமீட்டர். இந்த நெருக்கடியைத் தீர்ப்பதற்காகக் கண்டறியப்பட்ட வழிகளை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

வெப்பத்தைக் கட்டும் வழிகள்

1. உள்ளே குளிரும் மின்முனை. தைராய்டுக்கென அமைந்த மின்முனை ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சிய தடிமனும் உடையது. அதன் நுனியில் 5, 7 அல்லது 10 மில்லிமீட்டர் நீளமே மின்னோட்டத்தை வெளிவிடும். மற்றைய பகுதி காப்பிடப்பட்டிருக்கும். அதன் உட்குழலில் பனிக்கட்டியால் குளிர்வித்த நீர் சுழன்றுகொண்டே இருக்கும். சுடும் கருவியைக் குளிர்விப்பது முரணாகத் தோன்றலாம். நுனியை ஒட்டிய திசு கருகாதிருந்தால்தான் மின்னோட்டம் தடையின்றி அப்பால் செல்லும் என்பதே இதன் காரணம். 10 மில்லிமீட்டர் நுனிக்கு 30 வாட் அளவில் தொடங்கித் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக உயர்த்துவர். ஒரு பழைய குண்டு விளக்கு எரிய வேண்டிய ஆற்றலினும் இது குறைவு என்பது கருதத்தக்கது.

2. ஓரிடத்தில் நில்லாத முனை. கல்லீரல் கட்டிகளில் மின்முனையை நடுவே குத்தி நிறுத்திப் பெரிய வட்டமாக வேகவைப்பது வழக்கம். கழுத்தில் அவ்வளவு பரப்பு இல்லை. எனவே கொரிய மருத்துவர்கள் வேறொரு முறையை வகுத்தனர். கட்டியைப் பல சிறு அறைகளாக மனத்தளவில் பிரித்துக்கொண்டு, ஓர் அறையைச் சில நொடிகள் சுட்டதும் முனையை அடுத்த அறைக்கு நகர்த்துவர். நடுவில் அறைகள் பெரியன. ஓரங்களிலும் அபாய முக்கோணத்தின் அருகிலும் மிகச் சிறியன. சுடப்பட்ட திசுவில் நுண்குமிழிகள் எழுந்து ஸ்கேன் திரையில் வெண்முகிலாய்த் தோன்றும். அம்முகில் தனக்குப் பின்னுள்ளவற்றை மறைத்துவிடும். ஆதலால் ஆழத்திலுள்ள பகுதியை முதலிலும் மேற்பகுதியைப் பின்னரும் சுடுவர். தரையைத் துடைத்துக்கொண்டே வாயிலை நோக்கிப் பின்வாங்குவதை ஒத்தது இது.

3. பாலத்தின் வழியே நுழைதல். ஊசியைப் பக்கவாட்டிலிருந்து செலுத்தினால் அது நரம்பை நோக்கியே செல்லும். மாறாக, கழுத்தின் நடுவிலிருந்து தைராய்டுப் பாலத்தின் வழியாகச் சிறகை நோக்கிச் செலுத்துவர். இதனால் ஊசி நல்ல திசுவினுள் பிடிப்புடன் நிற்கும். நோயாளி இருமினாலும் விழுங்கினாலும் எளிதில் இடம் பெயராது. சூடேறிய நீர்மம் ஊசித்துளை வழியே வெளியே கசிவதும் குறையும். ஊசியின் முழுநீளமும், கட்டியும், நரம்பு செல்லும் மூலையும் ஒரே திரையில் ஒருசேரத் தெரியும். நுனி கண்ணுக்குத் தெரியாத வேளையில் மின்னோட்டத்தைச் செலுத்தலாகாது என்பது மீறக்கூடாத விதி.

4. நீரால் இடைவெளி உண்டாக்குதல். இயற்கை அளிக்காத இடைவெளியை மருத்துவர் தாமே உண்டாக்கிக் கொள்வது இது. மெல்லிய மற்றோர் ஊசியின் வழியே குளிர்ந்த நீர்மத்தைச் சுரப்பிக்கும் நரம்புக்கும் இடையே செலுத்துவர். நீர்மம் பரவி, ஒட்டியிருந்த இரண்டையும் சில மில்லிமீட்டர் விலக்கும். அகழிபோல் அது நடுவே நின்று வெப்பத்தையும் தடுக்கும். இங்கு எந்த நீர்மம் என்பது சிறிய வினா அன்று. மருத்துவமனைகளில் மிகுதியாய்ப் புழங்கும் உப்புநீரில் மின்னூட்டத் துகள்கள் உள்ளன. அது மின்சாரத்தைக் கடத்தும். காப்பாக வைத்த அகழியே பகைவனுக்குப் பாதையாகிவிடும். ஐந்து விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் அத்தகைய துகள்கள் இல்லை. அது மின்சாரத்தைக் கடத்தாது. எனவே ரேடியோ அலைவெண் முறையில் டெக்ஸ்ட்ரோஸ் கரைசலையே தேர்வர். செலுத்திய நீர்மம் விரைவில் பரவி மறையும் ஆதலின், மருத்துவம் முடியுமட்டும் விட்டுவிட்டுச் செலுத்திக்கொண்டே இருப்பர்.

5. நோயாளியின் குரலே அளவுகோல். இம்மருத்துவத்தில் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதை இயன்றவரை தவிர்ப்பர். சுரப்பியின் உறையைச் சுற்றி மரப்பூசி மட்டுமே இடுவர். அவர் விழித்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இடையிடையே மின்னோட்டத்தை நிறுத்தி, அவரிடம் ஓரிரு சொற்கள் பேசச் சொல்வர். குரல் கம்மினால் நரம்பு சூடேறுகிறது என்று பொருள். உடனே நிறுத்திக் குளிர்ந்த டெக்ஸ்ட்ரோஸ் கரைசலை நரம்பைச் சுற்றிச் செலுத்துவர். காலம் தாழ்த்தாமல் செலுத்தினால் நரம்பு மீளும் வாய்ப்பு மிகுதி. தாடைக்கோ பல்லுக்கோ காதுக்கோ வலி பரவினால் ஆற்றலைக் குறைப்பர். இருமல் எழுந்தால் மூச்சுக்குழலுக்கு வெப்பம் எட்டுகிறது என்று அறிவர். இடச்சிறகின் கட்டியாயின், குளிர்ந்த நீரை விழுங்கச் சொல்லி உணவுக்குழாயை விலக்கவும் குளிர்விக்கவும் செய்வர். எத்துணைக் கருவிகள் வந்தபோதிலும், நரம்பின் நலத்தை முதலில் அறிவிப்பது மனிதக் குரலே என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

குருதி கொண்டுபோகும் வெப்பம்

வெப்பம் மிகுதியாவது ஒரு துன்பம் என்றால், வெப்பம் குறைவாவது மற்றொரு துன்பம். கழுத்துத் தமனியில் விரைந்தோடும் குருதி தன்னருகில் உள்ள வெப்பத்தை ஓயாது அள்ளிக்கொண்டு போகும். இதனால் தமனியின் சுவர் பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆனால் தமனியை ஒட்டிய புற்றணுக்களும் அதே குளிர்ச்சியால் தப்பிவிடக் கூடும். ஆற்றங்கரையில் மூட்டிய அடுப்பு ஈரக்காற்றில் தணிவது போன்றது இது. இங்கும் நீர்மத்தைச் செலுத்தித் தமனியை விலக்கிவிட்டால் இரு குறைகளும் நீங்கும். மருத்துவம் முடிந்ததும், குருதி ஓட்டத்தைக் காட்டும் மருந்தைச் செலுத்தி மீண்டும் ஸ்கேன் எடுப்பதுண்டு. சுட்ட இடத்தில் குருதி ஓட்டம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அங்கு உயிரணுக்கள் எஞ்சியுள்ளன என்று கொண்டு, அவ்விடத்தை மட்டும் மீண்டும் சுடுவர்.

வேறு கருவிகள்

ரேடியோ அலைவெண் அன்றி, லேசர் ஒளியும் மைக்ரோவேவ் அலையும் இப்பணிக்குப் பயன்படுகின்றன. லேசர் முறையில் தலைமயிரைச் சற்றே ஒத்த மெல்லிய ஒளியிழையை ஊசியினுள் செலுத்தி, மூன்று வாட் போன்ற சிற்றாற்றலால் சுடுவர். இத்தாலிய மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டளவில் தைராய்டில் இதற்கு வழிகோலினர். மைக்ரோவேவ் முறை பெரும்பாலும் சமையலறை அடுப்பின் அதே 2450 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணைக் கொண்டது. விரைவாகவும் பரவலாகவும் சூடேற்றுவது. வேகம் மிகுந்த குதிரைக்குக் கடிவாளமும் வலிதாக வேண்டும். கருவி எதுவாயினும் கட்டுப்பாட்டின் நெறி ஒன்றே.

பயனும் வரம்பும்

முறையாகச் செய்யப்படின் இம்மருத்துவத்தின் பயன் நன்றாகவே உள்ளது. கொரியாவில் 74 பேரின் 84 நுண்புற்றுகளை ஐந்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், சுட்ட இடத்தில் புற்று மீண்டும் வளரவில்லை. சிலர்க்குச் சுரப்பியின் வேறிடத்தில் புதிய புற்று தோன்றியது. சுட்ட கட்டி உடனே மறைவதில்லை. இறந்த திசுவை உடலே மெல்ல மெல்ல அகற்றுவதால், பல மாதங்களில் அது சுருங்கி ஒரு வடுவாகவோ சுவடின்றியோ போகும்.

தீங்கின் அளவையும் மறைக்காது சொல்ல வேண்டும். புற்றல்லாத கட்டிகளுக்காக இம்மருத்துவம் பெற்ற 1459 பேரைப் பற்றிய கொரிய ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. அதில் 48 பேருக்கு, அதாவது 3.3 விழுக்காட்டினர்க்கு, ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்தது. அவர்களுள் குரல் மாறியவர்கள் 15 பேர். விளிம்பையும் சேர்த்துச் சுட வேண்டிய புற்றில் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும் என்பது வெளிப்படை.

இம்மருத்துவம் எல்லார்க்கும் உரியதன்று. ஊசிச் சோதனையால் பாப்பில்லரி வகை என உறுதியான, சிறிய, சுரப்பியின் உறையைத் தாண்டாத, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத புற்றுக்கே இது பொருந்தும். கொடிய வகைப் புற்றுகளுக்கும் பரவிய நோய்க்கும் அறுவையே முதல் வழி. அறுவையில் நீக்கிய உறுப்பை நுண்ணோக்கியில் முழுமையாகச் சோதிக்கலாம். வெப்பத்தால் அழித்ததை அவ்வாறு சோதிக்க இயலாது. எனவே மருத்துவத்திற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஸ்கேன் கண்காணிப்பு இன்றியமையாதது. ‘ஊசி போட்டாயிற்று, நோய் போயிற்று’ என்று வீட்டில் இருந்துவிடலாகாது.

இம்மருத்துவத்தை நாடுவோர் மருத்துவரிடம் கேட்கத்தக்க வினாக்கள் சிலவற்றை இங்குத் தொகுத்துரைக்கிறோம்:

1. எம் கட்டி எவ்வகையைச் சார்ந்தது? கண்காணித்தல் மட்டும் போதுமா?
2. கட்டிக்கும் குரல் நரம்புக்கும் இடையே எவ்வளவு தொலைவு உள்ளது?
3. மருத்துவத்திற்கு முன் குரல்நாண்களின் அசைவு சோதிக்கப்படுமா?
4. நரம்பைக் காக்க இடையே நீர்மம் செலுத்தப்படுமா?
5. இம்முறையில் தாங்கள் பெற்ற பயிற்சி எத்தகையது?
6. பின்னர் எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும்?

மூன்றாம் வினா அழுத்திச் சொல்லத்தக்கது. ஒருபுற நரம்பு முன்னரே செயலற்றிருக்க, அதனை அறியாமல் மறுபுறத்தைச் சுடும்போது அந்நரம்பும் கெடுமாயின், குரல் மட்டுமன்றி மூச்சே அடைபடும்.

நிறைவுரை

அடுப்பில் எரியும் தீ உணவாக்கும். கூரையில் பற்றிய தீ வீட்டை அழிக்கும். தீ ஒன்றே, எல்லையே வேறு. கழுத்தின் நுண்புற்றைச் சுடும் மருத்துவத்திலும் இதுவே உண்மையாகிறது. முனையைக் குளிர்வித்தல், ஓரிடத்தில் நிறுத்தாது நகர்த்துதல், நல்வழியே நுழைதல், நீரால் அகழி எடுத்தல், நோயாளியின் குரலுக்குச் செவிசாய்த்தல் ஆகிய ஐந்தும் வெப்பத்தைக் கூட்டுவதற்கான வழிகள் அல்ல. அதனை உரிய இடத்தில் அடக்கி வைப்பதற்கான வழிகள்.

நோயை அழிப்பதை மட்டுமே வெற்றி என்று கொண்டால் கையில் தீ இருந்தால் போதும். நோய் நீங்கிய பின்னும் ஆசிரியர் பாடம் சொல்ல வேண்டும், தாய் தாலாட்ட வேண்டும், முதியவர் பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று கருதினால், தீயோடு அறிவும் அளவும் பொறுமையும் வேண்டும். மாணவர்கள் இதனை ஓர் அறிவியற் செய்தியாக மட்டும் கொள்ளாது, எக்கலையிலும் எல்லை அறிந்து நிற்பதே தேர்ச்சி என்பதற்கான சான்றாகவும் கொள்வார்களாக.